முள்ளெடுக்கும் அதிகாரம்

மருத்துவ வரலாற்றையே புரட்டிப் போட்ட அந்த மாபெரும் சம்பவத்தை இனியும் மூடி மறைப்பது நியாயமில்லை. ஒரு தபால்காரரின் வலது கட்டைவிரலில் முள் குத்திவிட்டது.

கிளினிக்கில் பெரிய டாக்டர் லீவு. நர்ஸ் இடுக்கியை எடுத்தாள்.

"கையை நீட்டுங்கண்ணே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துடறேன்."

"நிறுத்தும்மா!"

மூலை நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் ஃபைல். யார் நீங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. குரலிலேயே அரசாங்கம் இருந்தது.

"டாக்டர் உத்தரவு இல்லாம நீ எப்படி முள்ளெடுக்கலாம்? சட்டம் தெரியுமா? வேலையே போயிடும்!"

நர்ஸ் இடுக்கியைக் கீழே வைத்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். சம்பாதிப்பது இவள் ஒருத்திதான். ஓடிப்போய்ப் பக்கத்து அறை டாக்டரை இழுத்து வந்தாள்.

"எடுத்துப் போடும்மா. இதுக்குப் போய் என்னைக் கூப்பிடணுமா?"

"நீங்க பல் டாக்டர்தானே? கட்டைவிரல்ல பல் இருக்கா?" என்றார் ஃபைல்காரர்.

டாக்டர் விரலைக் குனிந்து பார்த்தார். இல்லைதான்.

"எதிர் ரூம் பிசியோதெரபி சார் அழுத்தினா தானா வெளிய வந்துடுமே?" என்றாள் நர்ஸ்.

"அழுத்தலாம். எடுக்கக் கூடாது."

பிசியோதெரபிக்காரர் அழுத்தினார். முள் தலையை நீட்டியது. எடுக்கக் கூடாதே! பதறிப்போய்க் கையை விட்டார். முள் முன்னைவிட ஆழமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எங்கிட்ட ஊசி இருக்கு..."

"விக்கலாம். குத்தக் கூடாது."

"ஆளை விடுங்க சாமி, நானே எடுத்துக்கறேன்!" தபால்காரர் ஊசியை இடது கையால் பிடுங்கி, சொல்லிவைத்தாற்போல் முள்ளே இல்லாத விரலில் குத்திக்கொண்டார். ரத்தம்.

"துடைக்கலாமா சார்?" நர்ஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"பஞ்சை நீட்டலாம். அவரேதான் துடைச்சுக்கணும்."

"ஏம்மா, இங்க யாரும்மா நர்ஸு?" என்றார் தபால்காரர். அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அப்போது காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் உள்ளே வந்து, ஃபைல்காரரின் கையைப் பிடித்தாள். "இங்கயா இருக்கீங்க? ஊரெல்லாம் தேடறேன்!"

"அம்மா, மெதுவா! சார் பெரிய அதிகாரி," என்றாள் நர்ஸ்.

"அதிகாரியா? தியேட்டர் வாசல்ல டிக்கெட் கிழிச்சு ரிட்டயர் ஆனவரும்மா. தினம் யாரையாவது தடுத்து நிறுத்தாட்டி இவருக்குச் சாப்பாடு இறங்காது."