பாம்புக்கு முன்னால் ஓடிய தம்பிக்கு

அன்புள்ள பபா,

டண்டினோங்கிலிருந்து அக்கா எழுதுவது. நானும் மகள் வதனியும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதத்தான் கை போனது. பிறகுதான் மாசி மாதம் உன்னை நாங்களே எரித்துவிட்டு வந்த நினைவு வந்தது. நாற்பது தாண்டியவனைக் குழந்தை மாதிரிப் பபா என்று கூப்பிடாதே அக்கா, வேலைத்தலத்தில் சிரிக்கிறாங்கள் என்று சண்டை பிடிப்பாய். இனி அவர்கள் எப்படிச் சிரிப்பார்கள்? பபா என்றுதான் எழுதுவேன்.

விசயம் இதுதான். உன் படம் வந்துவிட்டது. நீ ஓடி நடித்த, இங்கே மெல்பேர்ணில் எடுத்த அந்தக் கொரியன் படம். நான்கு நாள் ஈர உடுப்போடு பாலத்தில் ஓடினாய், பின்னால் துரத்த ஒன்றுமே இல்லை, ஒருவன் நீளத் தடியில் பச்சைப் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இதுதான் அதன் தலை, இதைப் பார்த்துப் பயப்படுங்கள் என்றானாம். குசினிக்குள் எனக்கு ஓடிக்காட்டி மாப் பேணியைத் தட்டிக் கொட்டினாய். "ஊரில செல்லடிக்குள்ள இவ்வளவு காலமும் சும்மா ஓடினனான் அக்கா, ஓடுறதுக்குக் காசு தாற நாடு இதுதான்" என்று சொல்லிச் சிரித்தாய். படம் வரட்டும், என்னைப் பெரிய திரையில் பார் என்றாய். படம் வந்தது, நீ இல்லை. ஆனாலும் படத்துக்குள் நீ இருக்கிறாய் அல்லவா? வீட்டில் இருக்கிறதெல்லாம் அசையாத போட்டோ. நீ அசைவது அந்த ஒரு இடத்தில்தான். அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன், வதனி தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டாள்.

பக்கத்து வீட்டுப் புஸ்பராணி கேள்விப்பட்டதும் ஓடி வந்தாள். "ஆண்டுத் திவசம் இன்னும் முடியேல்ல, உமக்குப் படம் கேக்குதோ?" என்றாள். "நான் படம் பாக்கப் போகேல்லை, தம்பியைப் பாக்கப் போறன்" என்றேன். "அப்ப வெறுங்கையோடயே போறீர்?" என்றாள். அதுவும் சரிதானே. உடனே இறைச்சி அவித்து, கிழங்கு மசித்து, உனக்குப் பிடித்த ரோல்ஸ் சுட்டேன். போட்டோவுக்கு முன்னால் படைக்கிறோம், அசைகிற ஆளுக்கு முன்னால் படைக்கக்கூடாதா? புஸ்பராணி தன் வீட்டுக்குப் போய், குளிர்பெட்டியில் வைத்திருந்த வாழையிலைத் துண்டு ஒன்றையும் கொண்டுவந்து தந்தாள். கண்ணையும் துடைத்தாள், போகும்போது இரண்டு ரோல்ஸ் எடுத்துக்கொண்டும் போனாள்.

தியேட்டர் வாசலில் நின்ற பெடியனுக்கு வாசம் அடித்துவிட்டது. வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாதாம். வதனி இங்கிலீசில், "இட்ஸ் ஃபோர் மை மாமா" என்றாள். "எங்கே அவர்?" என்று கேட்டான். இவள் உள்ளே கையைக் காட்டி, "ஹீ இஸ் இன் தி மூவி" என்றாள். அவன் எங்களைப் பெரிய இடத்து ஆட்கள் என்று நினைத்தானோ என்னவோ, கதவைத் திறந்து பிடித்தான். உன்னால் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

கதை நீ சொன்ன கதைதான். பெரிய பாம்பு ஆயிரம் வருசம் தண்ணீருக்கடியில் கிடக்கிறது, டிராகனாகி வானத்துக்குப் போக. எழும்பும் நேரத்தில் பார்க்கிற மனிசர் டிராகன் என்று சொன்னால் போய்விடும், பாம்பு என்று சொன்னால் தொப்பென்று விழுந்து திரும்பவும் ஆயிரம் வருசம். இங்கே யாரா என்கிற ஆற்றில் எழும்புகிறது, மெல்பேர்ண் சனம் பாம்பு பாம்பு என்று கத்துகிறது, அதற்குக் கோபம் வராதா? எனக்கென்றால் வரும். ஆயிரம் வருசம் காத்திருந்த சீவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஏலாத சனம். அது பாலத்தை உடைக்க வந்தது. வதனி என் கையைக் கிள்ளி, "அம்மா, இனி மாமா வருவார்" என்றாள். நான் பதறிப்போய்ப் பையைத் திறந்து, இலையை மடியில் விரித்து, ரோல்ஸை எடுக்கப் பார்த்தால் பேப்பர் சுற்றிக்கொண்டு வருகுதில்லை, குனிந்து இழுக்கிறேன், "அம்மா, தெயார்! அங்க பாருங்கோ!" என்கிறாள், நிமிர்கிறேன், பாலம் தண்ணீருக்குள் கிடக்கிறது. நீ போய்விட்டாய்.

பபா, நான் உன்னைக் காணவில்லை. ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத் தவறவிட்டேன். ஆசுபத்திரிக்கும் இப்படித்தான், உனக்குச் சூப் வைத்துக்கொண்டு வந்து சேரப் பிந்திப்போனேன்.

அதற்குப் பிறகு படம் என்ன, மண்ணாங்கட்டி. கடைசியில் அந்தப் பாம்பு மழைக்குள் எழும்பி நிற்கிறது. ஒரு சிறுமி அதை நிமிர்ந்து பார்க்கிறாள். தியேட்டர் முழுக்க மூச்சுவிடாமல் இருக்கிறது, அவள் டிராகன் என்று சொல்லப் போகிறாள். எனக்கு எங்கேயிருந்து வந்ததோ தெரியாது, எழும்பி நின்று, "பாம்பு! நீ வெறும் பாம்புதான்! என்ர தம்பியைத் தின்ட பாம்பு!" என்று கத்திவிட்டேன். வதனி கதிரைக்குள் புதைந்துவிட்டாள். பாம்பு என் பேச்சைக் கேட்கவில்லை, மின்னிக்கொண்டு மேலே போய்விட்டது. எல்லாரும்தான் என்னை விட்டுப் போகிறார்கள்.

பக்கத்துக் கதிரையில் என் வயதில் ஒரு கொரியன் மனிசி. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் மடியில் இருந்த இலையைப் பார்த்தாள், ரோல்ஸைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து இலையில் வைத்து, தலையைக் குனிந்து கும்பிட்டாள். அவர்களும் படைக்கிற ஆட்கள் போல இருக்கிறது. எனக்கு இங்கிலீசு இல்லை, அவளுக்குத் தமிழ் இல்லை. ஒரு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தேன். உறைக்க உறைக்கச் சாப்பிட்டாள்.

இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன், இது சத்தியம். விதியில்லை, காணவில்லை, முடிந்தது. புஸ்பராணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். வதனி உன் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு திரிகிறாள், கோபிக்காதே. நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க என்று முடிக்கத்தான் எனக்குப் பழக்கம். உனக்கு எப்படி எழுதுகிறது? முருகன் உன்னைக் குளிர்படாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அக்கா

பி.கு.: இன்று காலை திரும்பப் போனேன். தனியே, வெறுங்கையோடு, கண்ணை வெட்டாமல் இருந்தேன். கண்டேன் பபா. மண்ணிறச் சேட்டோடு வருகிறாய். சனமெல்லாம் முன்னால் பார்த்து ஓடுகிறது, நீ மட்டும் நடுப்பாலத்தில் நின்று திரும்பினாய். மேலே நிற்கிற பாம்பை நீ பார்க்கவில்லை; கீழே, ஆட்கள் வருகிற பக்கம் பார்த்தாய். ஆரோ பின்தங்கிப்போன மாதிரி. பிறகுதான் ஓடினாய். டைரக்டர் சொல்லித்தந்திருப்பார் என்கிறாள் வதனி. இருக்கலாம். ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும், செல்லடிக்குள் ஓடின நாட்களில் கண்ட முகம். நீ ஆரைத் திரும்பிப் பார்த்தனீ, பபா?