மல்லாந்து படுத்து ஜீப் பார்த்தவர்

செஞ்சி வட்டாரத்தில் ஜீப் வாங்குமுன் அதைச் சுற்றிவந்து பார்த்தவர்கள் உண்டு, ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. மல்லாந்து படுத்துப் பார்த்தவர் ஃபோர்வீல் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். சிங்கவரத்தைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே வீடு. மழை பெய்தால் அங்கே போகும் மண்பாதையில் கார் போகாது. ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அவருடைய பழைய ஜீப் மட்டும் சேற்றில் உறுமிக்கொண்டு போகும். அதன் பெருமையைப் பேசிப் பேசியே ஃபோர்வீல் என்ற பெயரை வாங்கினார்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குச் செஞ்சி நிருபர். மலையடிவாரக் கிராமங்களில் அலைவதற்கு ஒரு ஜீப் வாங்க ஆசைப்பட்டு, பழைய மாடலா, புது மாடலா என்று அவரிடம் கேட்கப் போனேன். யோசனை கேட்டு வருகிற எல்லாரையும் அவர் கேட்கும் எதிர்க்கேள்வி ஒன்றுதான்.

"யார்னா படுத்துக்கினு வருவாங்களா?"

"இல்லண்ணே. உக்காந்துதான் போவோம்."

"அப்ப எதுனா வாங்கிக்க" என்றார். அத்தோடு என்மேல் அவருக்கு இருந்த அக்கறை தீர்ந்துபோனது.

அவருக்கு அது விளையாட்டு இல்லை. மனைவி கன்னியம்மா முதுகுத்தண்டில் அடிபட்டவர். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. மாதம் இரண்டு முறை திண்டிவனத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். பழைய ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீளமான சீட்டுகள் இருந்தன. அவற்றின்மேல் பலகை போட்டு, மெத்தை விரித்து, டிரைவர் பக்கம் தலை வைத்துப் படுக்கவைத்துக் கூட்டிப்போவார். ஆனால் அந்த ஜீப்பின் ஒவ்வொரு குலுக்கலும் கன்னியம்மாவின் முதுகில்தான் போய் இறங்கியது. புது மாடல்கள் குலுங்குவதில்லை. அவற்றில் படுக்க இடமில்லை.

படுத்திருக்கும் கன்னியம்மாவுக்குப் பின்பக்கத் திறப்பு வழியாகச் செஞ்சிக் கோட்டை மலை சிறுத்துக்கொண்டே போவது தெரியும். எதிரே வருவது தெரியாது. அதனால் வருவதையெல்லாம் ஃபோர்வீல் முன்னாலிருந்து அறிவித்துக்கொண்டே ஓட்டுவார். எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்தினால்தான் கேட்கும் என்பதால் வழியிலுள்ள வல்லத்து டீக்கடை வரை எல்லாருக்கும் கேட்கும்.

"பள்ளம் வருது, கன்னியம்மா!"

பின்னாலிருந்து பதிலும் வரும். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள பள்ளம் பூடுச்சிய்யா. மொதல்ல பிரேக்க அமுத்து, அப்பறம் பேசு."

தனியாகப் போகும்போதும் அறிவிப்பு நிற்காது. ஒருமுறை கூட்டுரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி, பின்னால் எட்டிப் பார்த்து, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார். "அவ இன்னைக்கி வரல சார். வாய் பழகிப்போச்சி" என்றார் ஃபோர்வீல். போலீஸ்காரர் வாயை ஊதிக்காட்டச் சொன்னார். டீ வாசனைதான் வந்தது.

எந்தப் புது மாடல் வந்தாலும் திண்டிவனத்து ஷோரூமில் முதல் ஆளாக நிற்பார். சட்டைப்பையில் கன்னியம்மாவின் உயரத்துக்கு முடிச்சுப் போட்ட ஒரு கயிறு இருக்கும். கயிறு பிடித்து அளந்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு, தானே பின்சீட்டில் படுத்துவிடுவார். முதல் தடவை மயக்கம் போட்டுவிட்டார் என்று பயந்து, விற்பனைப் பையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான். "தண்ணி இருக்கட்டும் தம்பி. காலு எங்க நீட்றது, அத்தச் சொல்லு" என்றார் இவர், படுத்தபடியே. கயிறு எப்போதும் ஒரு சாண் அதிகமாகவே நின்றது. முட்டியை மடக்கிக்கொள்கிறேன், வாங்கு என்று கன்னியம்மா எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை.

ஒரு சித்திரை மாதம் பழைய ஜீப் வல்லத்துக்கு முன்னால் நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வரும்வரை இரண்டு மணி நேரம் கன்னியம்மா வெயிலில் வெந்தார். ஃபோர்வீல் பக்கத்தில் நின்று துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். அறிவிக்க எதுவும் இல்லை.

மறுநாள் ஷோரூமில் அதே பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். இடது முன்சீட்டை முழுக்கப் பின்னால் சாய்த்ததும் அது பின்சீட்டோடு சேர்ந்து படுக்கையாகிவிட்டது. ஃபோர்வீல் கயிறு பிடித்தார். சரியாக இருந்தது. படுத்தும் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் நேராக என்னிடம் வந்தார்.

"இனிமே கத்த வேணாம் ரிப்போட்டரு. பக்கத்துலயே வச்சிக்கினு ஓட்டுவேன்."

புக் செய்தார். வண்டி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆடி போனது, ஆவணி போனது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, பழைய ஜீப்பில் திண்டிவனம் போன கன்னியம்மா, அதே ஜீப்பில், அதே பலகையின் மேல் வீடு திரும்பினார். அன்று அந்த ஜீப் சத்தமாகத்தான் வந்தது. அறிவிப்பு மட்டும் இல்லை என்று டீக்கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்.

கன்னியம்மாவின் காரியம் முடிந்த வாரம் ஷோரூமிலிருந்து போன் வந்தது. வண்டி தயார்.

"உனுக்கு ஜீப்பு வேணும்னு கேட்டியே, இன்னும் வாங்கல இல்ல. அத்த நீ எடுத்துக்க" என்றார் என்னிடம்.

"உங்களுக்குண்ணே?"

"நான் உக்காந்துதான போவப்போறேன். எனுக்கு எதுனா போதும்."

வண்டியை எடுக்க அவரும் கூட வந்தார். திரும்பும்போது நான் ஓட்டினேன். இடது முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, சீட்டைச் சாய்க்காமல், நேராக உட்கார்ந்திருந்தார். வல்லம் தாண்டியதும் தூரத்தில் கோட்டை மலை தெரிந்தது. அந்த வண்டியில் சத்தமே இல்லாததால், அவர் மெல்லச் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பள்ளம் வருது, கன்னியம்மா."

சொன்னவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வண்டிக்கு அது ஒரு பள்ளமே இல்லை. இருந்தாலும் பிரேக்கை அமுத்தி, இரண்டாவது கியருக்கு வந்து, மெதுவாகத்தான் தாண்டினேன்.