வார்டன் வேட்டியில் பாதி நீலம்

கோயமுத்தூரில் அடிக்கிற வெயில் அத்தனையும் தன் ஆராய்ச்சிக்காகவே அடிக்கிறது என்று நம்பியவர், தொண்ணூறுகளில் எங்கள் ஹாஸ்டலில் இருந்த வெயிலண்ணன். வீட்டில் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தியூர்க்காரர். வேதியியலில் முனைவர் பட்டத்துக்காக ஒரு வெள்ளைப் பொடி செய்துகொண்டிருந்தார். இரண்டு பொருள்களைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக ஒட்டவைத்த கலவை. சாயத் தண்ணீரில் அதைப் போட்டு வெயிலில் வைத்தால் சாயம் சிதைந்துவிடும் என்பது அவர் கட்சி. மொட்டை மாடி முழுக்க நீலச் சாயத் தட்டுகள். தட்டுகள் எங்களுடையவை. நாங்கள் மெஸ்ஸில் வாழையிலையில் சாப்பிட்டோம்.

மேகம் வந்தால் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, ஒரு அரைமணி நேரம் தள்ளி நில்லுங்க" என்பார்.

மூன்று வருடம் கழித்து அவருடைய பேராசிரியருக்குச் சந்தேகம் வந்தது. "பொடி சாயத்தை உறிஞ்சிக்குது, அவ்வளவுதான். வெயிலுக்கு இதுல என்ன வேலை? சனிக்கிழமைக்குள்ள காட்டு. இல்லேன்னா தலைப்பை மாத்து." அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மாடியைக் காலி செய்யச் சொல்ல வார்டன் மேலே வந்தார். கால் ஒரு தட்டில் பட்டது. புது வேட்டி முழுக்க நீலம்.

"நாளைக்கு என்ற மச்சினனுக்குக் கல்யாணமப்பா. இதைக் கட்டீட்டு எப்படிப் போறது?"

"பொழுது சாயறதுக்குள்ள வெளுத்துத் தாரனுங்க சார்."

வேட்டியைப் பொடி கரைத்த தண்ணீரில் முக்கி, அவசரத்தில் கொடியில் போட்டார். கொடியின் ஒரு பாதி, தூண்மேல் நின்ற தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், நிழலுக்குள் போனதைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் பார்த்தால் வேட்டியில் ஒரு பாதி பால் வெள்ளை. மறுபாதி நீலம் நீலமாகவே இருந்தது. வார்டன் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணனோ ஓடிப்போய்ப் பேராசிரியரையே மாடிக்குக் கூட்டி வந்துவிட்டார்.

"பொடி ரெண்டு பக்கமும் இருக்குதுங்க சார். வெயில் ஒரு பக்கந்தானுங்க."

பேராசிரியர் வேட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். தலைப்பு தப்பியது. வார்டன் பேண்ட் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்.

திங்கட்கிழமை அண்ணன் அவரிடம் போய், "மீதியையும் வெளுத்துத் தாரனுங்க" என்றார். "இருக்கட்டுமப்பா" என்று சொல்லிவிட்டார் வார்டன்.

அடுத்த வருடம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் முதல் கேள்வியாகவே, "வெயிலால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்றார். பின்வரிசையில் யாரோ எழுந்து நிற்கும் சத்தம். பாதி நீல வேட்டியைக் கட்டிக்கொண்டு வார்டன் நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு பேரையும் எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.