கண்மூடியாரும் ஒரு மீசைக்காரத் தாயும்

கண்மூடியார் கண்ணைத் திறந்து பார்த்தவர் யாருமில்லை. திறந்தால் ஊரே எரிந்துவிடுமாம். ஊரின் மேல் அவ்வளவு கருணை!

மூடிய கண்ணோடு அவர் உடம்பைப் படிப்பார். உடைந்து ஒட்டிய எலும்பு, சின்ன வயதில் எடுத்த டான்சில், ஒத்துக்கொள்ளாத மாத்திரை, எல்லாம் வரிசையாக வரும். வந்தவர் வாய் திறக்கக் கூடாது, அலைவரிசை கலைந்துவிடும். பேர்கூட வேண்டாம். வாசலில் குனிந்த தலை நிமிராமல் எழுதும் சீடனிடம் போன் நம்பர் சொன்னால் போதும். தெய்வத்துக்கு இப்போதெல்லாம் பேரைவிட நம்பர்தான் முக்கியம். தெரு முனைவரை வரிசை நின்றது.

தையல்காரியும் போன வாரம் நின்றாள்.

"தாயே, பத்து வருஷமா சர்க்கரை. ரெண்டு பிரசவம், ரெண்டாவது கத்தியில. பென்சிலின் உனக்கு எமன்."

அவள் அழுதுவிட்டாள். வீட்டில் தலைவலி என்றால்கூட நாலு முறை சொன்னால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இவரோ சொல்லாமலே அறிந்தார். ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

"வர்ற வெள்ளியிலேர்ந்து ஊசியை நிறுத்திடு. என் தண்ணி போதும்."

வியாழன் அன்று அவள் இன்சுலின் ஊசிகளையெல்லாம் எடுத்து ஒரு பையில் கட்டினாள். பஸ் கண்டக்டரான புருஷன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, பேரே வேணாம்னவருக்குப் போன் நம்பர் எதுக்கு?"

"அலைவரிசைக்குங்க."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே போன். அதே நம்பரைத்தானே நீ ஆஸ்பத்திரியில குடுத்திருக்கே?"

"ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இன்னிக்கு அந்த நம்பரைச் சொல்லி நான் போய் உக்காருறேன். என் உடம்பைச் சரியாப் படிச்சார்னா, ஊசியை நானே குப்பையில போடுறேன். இல்லைன்னா நீ பையை அவிழ்க்கணும்."

அவள் சம்மதித்தாள். அவர் தோற்று, சாமி காலில் விழுவதைப் பார்க்க ஆசை. அந்த ஆசைக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. அதை அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

கண்டக்டர் மீசையை முறுக்கிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தார். கண்மூடியாரின் காது மறைய இறங்கிய தலைப்பாகைக்குள் என்ன கேட்டதோ, அவர் கனிந்தார்.

"மறுபடி வந்துட்டியா தாயே!"

கூட்டம் திகைத்தது.

"வயித்துல கத்தி பட்ட தழும்பு தெரியுது. ரெண்டு பிள்ளை பெத்த வயிறும்மா இது!"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். வரிசையிலிருந்து ஒரு பக்தர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முற்பிறவியைப் படிக்கிறாருப்பா!"

"முற்பிறவியிலயும் என் பொண்டாட்டி பெத்த அதே ரெண்டு பிள்ளைதானா?" கண்டக்டர் எழுந்தார். "கண்ணைத் திறங்க சாமி. டிக்கெட் மாறிப்போச்சு!"

கண்மூடியார் பதறிக் கண்ணைத் திறந்தார். ஊர் எரியவில்லை. தலைப்பாகை சரிந்து, காதிலிருந்து பட்டாணி அளவில் ஒரு கருவி விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் இன்னமும் தையல்காரியின் சர்க்கரை அளவை வாசித்துக்கொண்டிருந்தது.

கண்டக்டர் அவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அவள் பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தார். யார், எப்போது திறந்தாலும் அதில் தடம் விழும். ரிசப்ஷன் ஆசாமி ஒருவன் பாஸ்வேர்டைச் சாமிக்கு விற்றிருந்தான். அவன் அன்றே மாட்டினான்.

"இந்தப் பதிவு உங்களுக்காக வெச்சதும்மா," என்றார் டாக்டர். "போன மழைக்காலத்துல மயங்கின நிலையில உங்களைக் கொண்டுவந்தாங்க. பேச முடியலை. நர்ஸ் இதைப் பார்த்துத்தான் பென்சிலினைத் தடுத்தாங்க. அன்னிக்குப் போட்டிருந்தா நீங்க இல்லை."

சொல்லாமலே அவளை அறிந்திருந்தார்கள். அந்த நர்ஸின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்து திரையைப் பார்த்துப் படித்தவளை யார் கும்பிடுவார்கள்?

வீட்டுக்கு வந்து பையை அவிழ்த்தாள். ஊசியைப் போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றாள்.

"போலீஸ்காரன் சாமியைக் கூட்டிட்டுப் போய்ட்டான்டி. இப்பவும் அங்க வரிசை நிக்குது. எப்ப வருவாராம்?"

"சாமி கண்ணைத் திறந்துட்டாருக்கா," என்றாள் தையல்காரி, ஊசியில் நூலைக் கோத்தபடி. "வரிசையில நிக்கறவங்க எப்பத் திறக்கப் போறாங்களாம்?"