மூக்கர் தேடிய பரோலோ

ரொறன்ரோவில் இருக்கிற தமிழ் மூக்குகள் எல்லாவற்றையும் ஒரு தராசுத் தட்டில் குவித்து, மற்றத் தட்டில் மூக்கரின் மூக்கை மட்டும் வைத்தால், மூக்கரின் தட்டுத்தான் நிலத்தில் போய் முட்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான் நான். ஆனால் ஆளை எடைபோடுவதில் எனக்குப் பிழை வந்ததே இல்லை. ஒரு மண்வெட்டியோடு தொடங்கி இன்று ஆறு லொறி ஓடுகிற தார் போடும் கொம்பனி வைத்திருக்கிறேன். ஸ்காபரோவில் உங்கள் வீட்டுக்கு முன்னால் கார் விடுகிற இடம் கண்ணாடி மாதிரி இருக்கிறதா? பெரும்பாலும் அது என் கைவேலையாகத்தான் இருக்கும்.

மூக்கருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அவருடைய ஹெல்த் கார்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டவுன்ரவுனில் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் இருபத்திரண்டு வருசம் கோப்பை கழுவியவர். நானும் ஒரு குளிர்காலம் அவருக்குப் பக்கத்தில் நின்று கழுவியிருக்கிறேன். நாங்கள் எல்லோரும் கோப்பையை எடுத்தால் தண்ணீருக்குள் போடுவோம். மூக்கர் முதலில் தன் மூக்கைக் கோப்பைக்குள் போடுவார்.

“அண்ணை, ஏழாம் மேசைக்காரர் பரோலோ குடிச்சிருக்கினம்.”

“நீர் போய்ப் பாத்தனீரோ?”

“ஏன் பாக்கவேணும்? மணக்குது. தாரும் ரோசாப்பூவும்.”

“தாரோ? கோடைக்கு வாரும், என்ரை வாளியிலை நிறையக் கிடக்கு. காசில்லாமல் குடிக்கலாம்.”

அவர் சிரிக்கமாட்டார். வைன் விசயத்தில் அவரிடம் பகிடி எடுபடாது. பரோலோ என்பது இத்தாலியின் வடக்கே, பியமோந்தே மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள சில ஊர்களையும் தவிர வேறு எங்கே விளைந்த திராட்சையிலும் வைன் செய்து அந்தப் பெயரை ஒட்ட முடியாது. சட்டம். “கறுத்தக்கொழும்பான் எண்டு சொல்லி வேறை மாம்பழத்தை விக்கிறவனைப் பிடிச்சு உள்ளை போட்டா எப்பிடியிருக்கும் அண்ணை? அங்கை போடுவாங்கள்!” என்று விளக்குவார். அந்தத் திராட்சை சோம்பேறி. மற்றதெல்லாம் பழுத்துப் பறித்து முடிந்து, மலையில் மூடுபனி இறங்குகிற நேரம்தான் ஆறுதலாகப் பழுக்கும். வைனும் அப்படித்தான். மூன்று வருசத்துக்கு மேல் பூட்டி வைத்த பிறகுதான் கடைக்கே வரும். பார்த்தால் வெளிறிய சிவப்பு, பால் விடாத பிளேன் ரீ மாதிரி அப்பாவியாக இருக்கும். வாயில் வைத்தால் நாக்கைப் பிடித்துச் சுவரோடு அறைகிற கயர், கடும் துவர்ப்பு. பத்து வருசம் பொறுத்தால்தான் ஆள் வழிக்கு வரும். அதற்குப் பிறகும் மூடியைத் திறந்து மணிக்கணக்காகக் காற்று வாங்க விடவேண்டும்.

இவ்வளவும் சொல்கிற மனிதர் அதில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்பதுதான் விசேசம். கலியாணத்துக்கு முன்னமே அவருடைய மனைவி ஒப்பந்தம் போட்டுவிட்டார். “மணக்கலாம். விழுங்கக்கூடாது.” மூக்கர் அதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வந்தார். சோதனை எழுதாமலே பட்டம் வாங்கிய ஆள் என்று நான் சொல்வேன்.

பட்டம் என்றால் உண்மையாகவே பட்டம். ஒருநாள் ஒரு பெரிய மனிதர் போத்தலைத் திருப்பி அனுப்பினார். வைன் பழுது என்றார். பரிமாறுகிறவர், இல்லை, நல்ல வைன்தான் என்றார். சண்டை குசினி வரைக்கும் வந்துவிட்டது. முதலாளி அந்தப் பியமோந்தே மலைப்பக்கத்துக் கிழவர். மணந்து பார்த்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றார். மூக்கர் சவர்க்கார நுரைக் கையோடு வந்து, தக்கையை வாங்கி, ஒரு இழுவை இழுத்தார். “தக்கை பழுது. வெள்ளம் வந்த பேஸ்மென்ற் மணம்.” முதலாளி திரும்ப மணந்தார். தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் சந்தேகமான போத்தல் எல்லாம் முதலில் கோப்பை கழுவுகிற தொட்டிக்குத்தான் வரும்.

நல்ல மூக்கு பொல்லாத சாமான். என்னுடைய அறுபதாவது பிறந்தநாளை நானூறு பேருக்கு ஹோல் எடுத்துக் கொண்டாடினேன். அப்படியொரு கொண்டாட்டம் மார்க்கம் ரோட்டில் அதற்குப் பிறகு நடக்கவில்லை. மூக்கர் ஆட்டுக்கறிச் சட்டியைத் தாண்டிப் போகும்போதே, “அண்ணை, இறைச்சி ஐஸ்பெட்டியிலை கிடந்தது” என்றார், சமைத்தவருக்குக் கேட்கத்தக்கதாக. பிறகு என் மச்சான் சிவப்பு வைனுக்குள் ஐஸ்கட்டி போட்டுக் கோக் ஊற்றுவதைக் கண்டார். கதிரையில் ஏறி நின்றுவிட்டார். “ஐயோ, கொலை! கொலை!” பாட்டு நின்றது. பாதுகாப்புக்கு நின்றவன் ஓடிவந்தான். என் மனைவி இன்றைக்கும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள்.

மூக்கர் வேலையை விட்ட அன்று முதலாளி ஒரு பரோலோவைக் கையில் கொடுத்து, “இன்னும் ஐந்து வருசம் தொடாதே” என்றாராம். மூக்கர் அதை வீட்டுப் பேஸ்மென்ற் படிக்குக் கீழே படுக்க வைத்து, போர்வை போட்டு, வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். குடிப்பதற்கில்லை. திறந்து மணப்பதற்கு.

பிறகு கொரோனா வந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் போனது. போகும்போது மூக்கையும் கொண்டுபோனது.

நீங்கள் நம்பமாட்டீர்கள், அந்த ஆள் பேச்சையே விட்டுவிட்டார். ஒருநாள் அவர் வீட்டில் பால் பொங்கி அடியில் பிடித்துப் புகை வந்தும், பக்கத்தில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வைத்தியர் தினமும் நாலைந்து சாமானை மணந்து பழகச் சொன்னார். சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்றார். கிராம்பு, எலுமிச்சம்பழம், கோப்பி எல்லாம் வைத்து வருசக்கணக்காகப் பழகினார். ஒன்றும் வரவில்லை. போன வருசம் ஒருநாள் என்னிடம் சொன்னார்:

“அண்ணை, கடைசியா ஒருக்கால் அந்தப் போத்தலைத் திறந்து பாப்பம். அது வந்தா எல்லாம் வரும். அதுவும் வராட்டி விட்டிடுறன். கிராம்பையும் வேண்டாம், ஒண்டையும் வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது மூக்கர் படிக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தார். போர்வை இருந்தது. போத்தல் இல்லை.

“இஞ்சாருங்கோ...” என்று மனைவி மேலே நின்று மெல்லச் சொன்னார். “போன மாசம் மில்லிக்கனிலை வீடு குடிபூரல். வெறுங்கையோடை எப்பிடிப் போறது? தூசி பிடிச்சுக் கிடந்துது. துடைச்சு, மினுங்கல் பைக்குள்ளை வச்சுக் குடுத்திட்டன்.”

மூக்கர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் போர்வையை மடிக்கத் தொடங்கினார். மனைவியின் கண் கலங்கிவிட்டது. நான் வண்டித் திறப்பை எடுத்தேன். “ஏறும் வண்டியிலை” என்றேன்.

எங்கள் சனத்தின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பரிசுப் போத்தலை எவனும் திறப்பதில்லை. பையின் பெயர்த்துண்டைக் கிழித்துவிட்டு அடுத்த விழாவுக்குக் கொண்டுபோவோம். இந்த நகரத்தில் நாலு போத்தல்தான் மொத்தமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

மில்லிக்கன் வீட்டுப் பெண் எங்களைக் கண்டதும், “அங்கிள், உங்கடை போத்தலைப் பத்திரமா வச்சிருக்கிறம்” என்றாள்.

“ஒருக்கால் பாக்கலாமோ, பிள்ளை?”

“அது... மேலை... கட்டிவச்சிருக்கு...”

உள்ளே இருந்து புருசன் குரல் கொடுத்தான்: “அதை நீதானே டோர்செட் பார்க் அன்ரியின்ரை பேர்த்டேக்குக் கொண்டுபோனனி!” அவள் திரும்பிப் பார்த்த பார்வையை அவன் இன்னும் மறந்திருக்கமாட்டான்.

டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடி. அந்த அன்ரி வெள்ளிக்கிழமை விரதக்காரி. “சாமி அறைக்குப் பக்கத்திலை உந்தப் போத்தலை வைக்கலாமோ? பிறம்ரனிலை என்ரை பெறாமகன் ரவியிட்டைக் குடுத்திட்டன். ட்றக் ஓடுறவன், அவன் குடிப்பான்” என்றார். குடிப்பான் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்கர் லிப்டுக்குக் காத்திராமல் படியால் இறங்கினார். பதினாலு மாடி! நான் லிப்டில் வந்தும் அவருக்குப் பிறகுதான் கீழே வந்தேன்.

பிறம்ரன் போய்ச் சேர மணி ஐந்து. கதவைத் திறந்த ரவிக்கு நாற்பது வயதிருக்கும். விசயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

“அண்ணை, அந்த வைனோ? அது பழுதாப் போச்சு. இண்டைக்குப் பன்ரண்டு மணிக்கு உடைச்சு ஒரு வாய் வச்சன். பச்சைப் பாக்குச் சப்பின மாதிரி. வாயெல்லாம் கயர். சிங்குக்குள்ளை ஊத்தத்தான் போனன், மனிசி சட்டி ஊறப் போட்டிருந்தவ. அப்பிடியே திறந்தபடி வச்சிட்டன். குறை நினைக்காதேங்கோ.”

மூக்கர் அவன் சேர்ட்டைப் பிடித்தார். “பன்ரண்டுக்குத் திறந்தனீரோ? ஐஞ்சு மணித்தியாலம் மூடாமல் வச்சனீரோ?”

“தெரியாமல் செய்திட்டன் அண்ணை!”

“அப்பிடித்தான் செய்யவேணும், ராசா! அப்பிடித்தான்!” என்று அவனைக் கட்டிப்பிடித்தார். ட்றக் ஓடுகிற பெரிய உடம்புக்காரன் நடுங்கிப்போய் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வைன் கிளாஸ் இல்லை. தேத்தண்ணிக் கோப்பைதான் கிடந்தது. மூக்கர் அதை வாங்கி மூன்று தரம் தானே கழுவினார். இரண்டு விரல் அளவு ஊற்றினார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார்.

நானும் ரவியும் மேசைக்குக் குனிந்து அவர் முகத்தையே பார்த்தோம்.

திரும்பவும் விட்டார். மூன்றாம் தரமும் விட்டார். பிறகு கோப்பையை மேசையில் வைத்தார். “பச்சைத் தண்ணி, அண்ணை” என்றார்.

வேறொன்றும் தோன்றாமல் அவருடைய போனைப் பறித்து வீட்டுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

“தங்கச்சி, போத்தல் கிடைச்சிட்டுது. மணம் வரேல்லை. மூக்கர் ஒரு வாய் விழுங்கட்டோ?”

“நான்தானே அதைத் தூக்கிக் குடுத்தனான். குடிக்கச் சொல்லுங்கோ அண்ணை” என்று குரல் உடைந்து வந்தது. “அவர் வடிவா ஆறுதலாக் குடிக்கட்டும்.”

மூக்கர் குடித்தார். அறுபத்தெட்டு வயதில், முதல் வாய். கண் விரிந்தது.

“அண்ணை! பல்லைப் பிடிக்குது! பல்லு முரசையும் பிடிக்குது!” கயர் மணமில்லைத்தானே, அதற்கு மூக்கு வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருசம் கோப்பையின் அடியில் மட்டும் கண்ட பரோலோவை இன்றைக்குத்தான் மூக்கர் கைபிடித்துக் குலுக்கினார். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. கண்ணை மூடி, மூக்கால் மெல்ல மூச்சை வெளியே விட்டார்.

“ஒருத்தரும் கதையாதேங்கோ.”

“என்ன, தாரோ?”

“இல்லை.”

“ரோசாவோ?”

“பொறுங்கோ அண்ணை! ஆரோ வாசலிலை நிக்கினம். முகம் தெரியேல்லை. ஆனா நிக்கினம்.”

ரவி வாயைத் திறந்தபடி வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தான். பாவம்.

அன்று அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மிச்சத்தைத் தக்கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். ஆனால் அடுத்த நாள் காலையில் கிராம்பு டப்பாவைத் தானே கேட்டு வாங்கினாராம். நாலாம் நாள் விடிய எனக்குப் போன். வணக்கமில்லை, சுகமா என்ற கேள்வியில்லை.

“அண்ணை, பெருங்காயம்!” டக்கென்று வைத்துவிட்டார்.

ஒரு கிழமை கழித்து, “பினாயில்.” அதற்குப் பிறகு கோப்பி, பாதிதான் என்றார். நேற்று மனைவி முழங்காலுக்குப் பூசுகிற நோவெண்ணெய். அதற்கு இருவருமாகச் சேர்ந்து சிரித்த சத்தம் போனில் கேட்டது. ரோசாப்பூ இன்னும் வரவில்லை. வரும் என்கிறார். அது பிந்திப் பழுக்கிற சாதியாம்.

பிரதமரே அழைத்தாலும் காலை ஒன்பது மணிக்கு முன்னம் போனை எடுக்காதவன் நான். இப்போது ஆறரைக்கே எழும்பி, பல்லும் விளக்காமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.