நூறு பேர் தாங்கும்

கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தினான். இருபது பேர் ஒரே நேரத்தில் நுழைவதுபோல் கம்பெனியின் புது வெப்சைட்டை இடித்துப் பார்க்கும் கட்டளை அது. பாதிப் பேர் நுழைவதற்குள் சைட் மல்லாந்தது.

எந்நேரமும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைத் தட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் ஆபீசில் அவன் பெயரே ‘கறுப்புத்திரை’.

நேற்று மாலை, கிளம்புகிற அவசரத்தில் முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. லோடு டெஸ்ட்டை முடிச்சு வை. எத்தனை பேரைத் தாங்கும்னு தெரியணும். ஒழுங்கா முடிச்சா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா..."

மீதியை மீசை சொன்னது.

கதவருகே ஒருவர், தோளில் மூட்டையோடு மூச்சு வாங்கினார். "சார், இந்த மூட்டைங்களை..."

"ஓரமா வைங்க. டெஸ்ட் நடக்குது."

"நடக்குதா?"

"அட, கண்ணு தெரியலையா? வெளியே உட்காருங்க."

மூட்டைக்காரர் தலையைச் சொறிந்தபடி வராந்தாவுக்குப் போனார்.

கறுப்புத்திரை சர்வரின் கதவுகளை அகலத் திறந்துவிட்டான். வந்த கூட்டமெல்லாம் டேட்டாபேஸ் மேல் விழ, அது படுத்தது. அதைத் தட்டி எழுப்பி, ஆட்களை இரட்டிப்பாக்கினான். இப்போது ஆபீஸ் இன்டர்நெட்டே மூச்சை நிறுத்தியது.

கணக்கு அக்கா பாய்ந்து வந்தாள். "தம்பி, என் பில்லெல்லாம் அந்தரத்துல நிக்குது. என்னதான் பண்றே?"

"ஆளுங்களை ஏத்தி இறக்கறேன்க்கா."

"காலையில நாலு மாடி நடந்தே ஏறி வந்தேன். என்னை ஏத்த ஒரு நாதியில்லை!"

கடைசியில் புத்தி வந்தது. ஆபீஸ் இன்டர்நெட்டை விட்டுவிட்டு, வெளியூரில் இருந்த வாடகைக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து கட்டளையை ஏவினான். கனமான படங்களைச் சுருக்கினான். ஐம்பது பேர். அசையவில்லை. நூறு பேர். ஊஹூம், கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது சைட்!

போன் அடித்தது. முதலாளி.

"லோடு டெஸ்ட் என்னாச்சு? விருந்தாளிங்களோட கீழ வந்துட்டேன்."

"டெஸ்ட் பாஸாயிடுச்சு, சார்! நூறு பேர் ஒண்ணா ஏறினாலும் தாங்கும்!"

"நூறா? பலே! உன் வேலை நிரந்தரம்டா!"

கறுப்புத்திரை நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான். எங்கோ மணி ஒன்று விடாமல் அலறியது. மூட்டைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார்.

"சார், உங்க முதலாளி பதினாறு பேரோட ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கறாரு... இப்பவாவது இந்த மணல் மூட்டைங்களை ஏத்திப் புது லிஃப்ட்டுக்கு லோடு டெஸ்ட் பண்ணலாமா?"