வைனுக்கு முன்னால் மீன் கட்லட்

வீடு தேடி வருகிறவர்களுக்கு முன்னால் வெறும் பாண் என்கிற ரொட்டியையும் தண்ணீரையும் வைக்கிற துணிவு எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. வைத்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கதை ஓடும். மன்னாரில் பிறந்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்த எனக்கும் அந்தத் துணிவு இருக்கவில்லை. இருந்திருந்தால் பிரான்சிலிருந்து வந்த ஒரு நல்ல மனிதர் அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் மூக்கைச் சிந்தியிருக்க மாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் நடந்தது இது. மொன்றியலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் ஒரு சின்ன வைன் இறக்குமதி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஐரோப்பாவில் குடும்பமாகத் திராட்சை வளர்த்து, கையாலேயே பழம் ஆய்ந்து, கொஞ்சமாக வைன் செய்கிற தோட்டக்காரர்களிடம் வாங்கி, இங்குள்ள உணவகங்களுக்கு விற்கிற நிறுவனம். முதலில் நான் கீழே களஞ்சியத்தில் பெட்டி கட்டினேன். குளிர்காலத்தில் விரல்கள் இன்னும் கையோடுதான் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முதலாளி மதாம் லுசி என்னை மேலே அலுவலகத்துக்கு எடுத்து, "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். பிடித்தால் மேசை வேலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் கீழே, பெட்டிகளோடு.

(வைனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேவாலயத்துப் பூசையில் பாதிரிச் சுவாமி குடிப்பது என்பதுதான். மதாம் அதைக் கேட்கவில்லை. நானும் வலியப்போய்ச் சொல்லவில்லை.)

அந்த வசந்தத்தில் பிரான்சின் அல்சாஸ் மலையடிவாரத்துத் தோட்டக்காரர் ஒருவர், முசியே அந்ரே, தன் வைன்களோடு வந்தார். உணவகக்காரரை எல்லாம் அழைத்து ருசிபார்க்க வைப்பது ஏற்பாடு. அவர்கள் வாங்கினால்தான் அவருக்கு இங்கே சந்தை. மேசை, கிளாஸ், உபசரிப்பு எல்லாம் என் பொறுப்பு. "பாணும் தண்ணீரும் போதும், ரெஜினா. வேறொன்றும் வேண்டாம்" என்றார் மதாம். சிக்கனமான மனுசி, பாவம், வெட்கத்தில் சொல்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த எங்கள் அபார்ட்மென்டில், நான் உருளைக்கிழங்கு அவிப்பதைப் பார்த்துவிட்டு என் கணவர் அன்ரன் கேட்டார்.

"இஞ்சாரும், பாணும் தண்ணியும் எண்டெல்லோ மதாம் சொன்னவ?"

"சொன்னவதான். அதுக்காக அப்பிடியே வைக்கேலுமோ? மறியல்லை கம்பிக்குப் பின்னாலை இருக்கிறவைக்குத்தான் பாணும் தண்ணியும் குடுக்கிறது."

அன்ரன் யோசித்தார். தடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப உறைப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடும். குடிக்கிறவைக்கு உறைப்பில்லாமல் இறங்காது" என்றார்.

மீன், கிழங்கு, மிளகு, பச்சை மிளகாய். மனச்சாட்சிக்கு இன்னும் ஒரு பிடி பச்சை மிளகாய். கட்லட் தங்க நிறத்தில் பொரிந்து வந்தபோது மேசை வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் மதாமும் முசியே அந்ரேயும் உள்ளே போத்தல்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நான். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு "பொன்ஜூர்", ஒரு கட்லட். பசியோடு வந்த மனிதர்கள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் சிலர் இரண்டு எடுத்தார்கள். மொட்டைத் தலை உணவகக்காரர் ஒருவர் மூன்று சாப்பிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு வைன் வந்தது. எல்லோரும் கிளாஸைச் சுழற்றினார்கள், மணந்தார்கள், வாயில் வைத்தார்கள், பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார்கள். இவ்வளவு தூரம் கொண்டுவந்த வைன் பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். (சுவாமி துப்பி நான் கண்டதில்லை.) ருசிபார்க்கிறவர்கள் குடித்து வெறிக்காமல் இருக்கத் துப்புவதுதான் வழக்கம் என்று எனக்கு அப்போது யார் சொன்னார்கள்?

அடுத்தது ஒரு சிவப்பு வைன். முசியே அந்ரே அந்தப் போத்தலைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு, தன் மகள் முதன்முதலாகத் தனியாகச் செய்தது இது என்றார். எல்லோரும் வாயில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. நாக்கு எரிகிறது" என்றார் அவர். உடனே எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள்.

மதாம் என்னை ஒரு மூலைக்கு இழுத்துப் போனார். "ரெஜினா, பாண் எதற்கென்று தெரியுமா? ஒரு வைனுக்கும் அடுத்த வைனுக்கும் நடுவில் நாக்கைச் சுத்தம் செய்ய. நீ நாக்கையே கொளுத்திவிட்டாய்."

எனக்குக் கண் கலங்கியது. களஞ்சியத்தின் குளிர் அப்போதே விரலில் ஏறிவிட்டது. ஆனால் அதைவிட அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. பெற்ற பிள்ளை செய்ததை ஒருவரும் ருசிக்கவில்லை. அவரிடம் போய், என் மகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தார். ஒரு கட்லட்டை எடுத்து முழுதாக வாயில் போட்டார். முகம் சிவந்தது, கண்ணும் மூக்கும் ஒன்றாக வழிந்தன. லேஞ்சியால் துடைத்துக்கொண்டு, கடைசியில் கொடுப்பதற்கென்று வைத்திருந்த இனிப்பு வெள்ளை வைனைத் திறந்து முதலில் தான் குடித்தார். பெருமூச்சு விட்டார். பிறகு எல்லோருக்கும் ஊற்றினார்.

அந்த அறையில் முதன்முறையாக ஒருவரும் துப்பவில்லை.

மொட்டைத் தலைக்காரர் கிளாஸை நீட்டி இன்னும் கேட்டார். கட்லட்டும் கேட்டார். போகும்போது அந்த இனிப்பு வைனில் சில பெட்டிகள் சொல்லிவிட்டுப் போனார். முசியே அந்ரே அவரை விடவில்லை. "நாளைக் காலை வாருங்கள், என் மகளுடையதை நல்ல நாக்கோடு குடியுங்கள்" என்றார். மற்றவர்களையும் மதாம் கெஞ்சிக் கூப்பிட்டார்.

மறுநாள் பாதிப்பேர் வந்தார்கள். பாணும் தண்ணீரும் மட்டும். நான் கைகட்டிச் சுவரோடு நின்றேன். மகளுடைய வைனை வாயில் வைத்த மொட்டைத் தலைக்காரர் கண்ணை மூடினார், திறந்தார், துப்ப மறந்துவிட்டார். முசியே அந்ரே அலுவலகத் தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, சந்தோசத்தில்.

மாலையில் மதாம் என்னைக் கூப்பிட்டார். "திங்கட்கிழமையிலிருந்து மேலேதான் உனக்கு வேலை. ஆனால் சமைக்காமல் வா."

அந்த மேசையில்தான் இன்றும் இருக்கிறேன். போன மாதம் என் மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தாயார், யாழ்ப்பாணத்து மனுசி, பட்டுச் சேலையில் முதன்முதலாக வீட்டுக்கு வந்தார். கட்லட் தட்டோடு குசினியிலிருந்து வந்தால், மகள் எனக்கு முன்பே அவர் முன்னால் பாண் துண்டுகளையும் ஒரு கிளாஸ் தண்ணீரையும் வைத்திருக்கிறாள். மனுசி பாணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது.

அன்ரன்தான் சமாதானம் சொன்னார்.

"குறை நினையாதேங்கோ. முதல்லை கட்லட்டைச் சாப்பிடுங்கோ. பாண் ஏனெண்டு பேந்து விளங்கும்."